ஒதுக்கப்பட்டவரின் கோபமும் ஒதுக்கியவரின் கடமையும்

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழிவாங்கும் உணர்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதை மட்டும் தனியே எடுத்துப் பேச என்னால் முடியாது. ஏனென்றால் பழியுணர்ச்சிக்கு முன்னால் எப்போதும் ஒரு காயம் இருக்கிறது. நம் ஊர்களில் நடக்கும் பகைகளைக் கொஞ்சம் பொறுமையாக விசாரித்துப் பாருங்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றால், வரப்புத் தகராறு என்று முதலில் சொல்வார்கள். இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்து கேட்டால் வேறொன்று வெளியே வரும். மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை, யாரிடமோ கொடுத்து அனுப்பினான். பந்தியில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டார்கள். கோயில் திருவிழாவில் மரியாதை செய்யும்போது எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். வரப்பை அளந்து சரிசெய்துவிடலாம். ‘என்னை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை’ என்ற கணக்கைச் சரிசெய்ய எந்த நில அளவையாளராலும் முடியாது.

இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பழிவாங்கத் துடிக்கும் மனிதர் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, தனக்கு நடந்தது அநீதி என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைத்தான். பழி அதை அவருக்கு வாங்கித் தருவதில்லை. எனவே அவரிடம் போய்ப் பொறுமையையும் மன்னிப்பையும் போதிப்பதற்கு முன்னால், அவரை ஒதுக்கிவைத்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது. உளவியல் ஆய்வுகளும் நம் இதிகாசமும் நம் பள்ளிக்கூடங்களும் இதைத்தான் சொல்கின்றன.

பந்து வராத ஆட்டம்

அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ். அவர் ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தபோது, ஃபிரிஸ்பி எனப்படும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று முதுகில் வந்து பட்டது. எடுத்து, அதற்காகக் காத்திருந்த இருவரிடம் எறிந்தார். அவர்கள் அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சற்று நேரம் மூவரும் எறிந்து பிடித்தார்கள். பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்த இருவரும் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொள்ளத் தொடங்கினார்கள். பெயரே தெரியாத மனிதர்கள். மறுபடி பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் மனம் சுருக்கென்று வலித்தது. அந்த வலியைத்தான் அவர் ஆராய்ச்சியாக மாற்றினார்.

2000-ஆம் ஆண்டில் ‘சைபர்பால்’ என்ற கணினி ஆட்டத்தை அவரும் கூட்டாளிகளும் அறிமுகப்படுத்தினார்கள். திரையில் மூன்று உருவங்கள் பந்தை எறிந்து பிடிக்கும். ஒன்று நீங்கள். மற்ற இருவரும் வேறெங்கோ உட்கார்ந்து ஆடும் மனிதர்கள் என்று சொல்லப்படும்; உண்மையில் அவர்களை இயக்குவது கணினி. தொடக்கத்தில் ஓரிரு முறை பந்து உங்களிடம் வரும். அதன்பின் வரவே வராது. மொத்தம் சில நிமிட ஆட்டம். பணம் இல்லை, பரிசு இல்லை, முகம்கூடத் தெரியாது. அந்தச் சில நிமிடத்திலேயே நான்கு விஷயங்கள் ஆட்டம் காண்கின்றன என்று கண்டார்கள்: நான் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற எண்ணம், சுயமதிப்பு, என் நிலைமை என் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை, நான் இருப்பதற்கு ஒரு பொருள் உண்டு என்ற உணர்வு.

இதற்குப் பிறகு வந்த சோதனைகள் இன்னும் வியப்பானவை. எதிரே ஆடுவது கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் வலித்தது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், பந்தைத் தராமல் ஆடுபவர்கள் கு க்ளக்ஸ் கிளான் என்ற இனவெறிக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று சிலரிடம் சொன்னார்கள். அந்தக் கும்பலை அருவருத்தவர்களுக்கும் அவர்கள் ஒதுக்கியபோது வலித்தது. ‘அவங்க பேசலைன்னா போகட்டும், நமக்கு என்ன?’ என்று நாம் ஆறுதல் சொல்கிறோமே, அந்த ஆறுதல் ஏன் மனதில் ஒட்டுவதில்லை என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. ஒதுக்குபவர் யார், அவர் நமக்கு வேண்டியவரா என்பதையெல்லாம் அறிவு பின்னால் வந்து ஆராய்கிறது. வலி அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

2003-இல் நவோமி ஐசன்பெர்கரும் மேத்யூ லீபர்மனும் வில்லியம்ஸுடன் சேர்ந்து, இதே ஆட்டத்தை மூளை ஸ்கேன் கருவிக்குள் வைத்து ஆடச் செய்தார்கள். உடல்வலியின் வேதனையோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் புறணி என்ற பகுதி, ஒதுக்கப்பட்டவர்களிடமும் கூடுதலாகச் செயல்பட்டது. அந்தப் பகுதி வேறு பல வேலைகளையும் செய்வதால் இந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்ற விவாதம் அறிவியலாளர்களிடையே தொடர்கிறது. ஆனால் ஒதுக்கப்படுவது வெறும் ‘மனப்பிரமை’ என்று சொல்லும் உரிமையை இந்த ஆய்வுகள் நம்மிடமிருந்து பறித்துவிட்டன.

மனித உடல் ஏன் இப்படி அமைந்தது? நீண்ட நெடுங்காலமாக, கூட்டத்தைவிட்டு விலக்கப்பட்டவனுக்குச் சாவுதான் முடிவாக இருந்தது. இந்த உண்மையைப் புரிந்துகொள்ள ஆதி மனிதனிடம் போக வேண்டியதில்லை. நம் கிராமங்களின் ஊர்விலக்கம் போதும். கடையில் சாமான் தரமாட்டார்கள். குழாயில் தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள். வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். நல்லது கெட்டதற்கு யாரும் வாசற்படி ஏறமாட்டார்கள், பேசியவருக்கு அபராதம். கைவைத்து அடிக்காமலேயே ஒரு குடும்பத்தை அழிக்கும் முறை இது. அதனால்தான் சட்டம் இதைக் குற்றமாக எழுதியது. சமூகப் புறக்கணிப்புக்கு எதிராக மகாராஷ்டிரம் 2016-இல் தனிச் சட்டம் இயற்றியது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய வன்கொடுமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

சட்டம் எட்டாத ஒதுக்கல்களும் உண்டு. வீட்டுக்குள் கணவன் மனைவியிடம் வாரக்கணக்கில் பேசாமல் இருப்பது. அலுவலகத்தில் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பும்போது ஒருவரை மட்டும் கூப்பிடாமல் போவது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு பிள்ளையை நீக்கிவிட்டு, அந்தப் பிள்ளையைப் பற்றியே அங்கே பேசுவது. அடித்தால் தழும்பைக் காட்டலாம், திட்டினால் சாட்சி சொல்லலாம். பேசாமல் இருந்தார்கள் என்று யாரிடம் போய்ப் புகார் செய்வது? ‘நாங்க ஒண்ணுமே பண்ணலையே’ என்று சொல்லிவிடலாம் என்பதுதான் இந்தக் கொடுமையின் வசதி.

வலி, கோபமாக மாறும் இடம்

ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் வன்முறையில் இறங்குவதில்லை. பலர் இன்னும் பணிவாகி, எப்படியாவது சேர்த்துக்கொள்ளமாட்டார்களா என்று இரண்டு மடங்கு உழைக்கிறார்கள். பலர் ஒடுங்கிப்போகிறார்கள். நாள்பட நாள்பட, எதுவும் மாறாது என்ற கைவிட்ட நிலைக்கு வந்து, மனச்சோர்வில் விழுகிறார்கள். ஒரு பகுதியினர் மட்டும் திருப்பி அடிக்கிறார்கள். யார், எப்போது என்பதுதான் கேள்வி.

ஜீன் ட்வெங்கியும் ராய் பாமைஸ்டரும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வுகளில் சில மாணவர்களிடம், உங்கள் குணத்துக்கு நீங்கள் வயதானபின் தனியாகத்தான் இருப்பீர்கள் என்றோ, குழுவில் யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றோ சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள், தங்களை அவமதித்தவர் மீது மற்றவர்களைவிடக் கடுமையாக நடந்துகொண்டார்கள். அதோடு நிற்கவில்லை. தங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத மூன்றாம் மனிதர் மீதும் கடுமை காட்டினார்கள். ஆனால் தங்களைப் பாராட்டிய ஒருவரிடம் மட்டும் அந்தக் கடுமை இல்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கர்ணன் நினைவுக்கு வந்தான். அஸ்தினாபுரத்து அரங்கில் வில்லோடு வந்து நிற்கிறான். அர்ச்சுனன் செய்து காட்டியதையெல்லாம் செய்கிறான். உன் குலம் என்ன, உன் தந்தை யார் என்று கிருபர் கேட்கிறார். தலை கவிழ்கிறது. அந்த அவையில் அவனை ஏற்ற ஒரே மனிதன் துரியோதனன். அங்க நாட்டு முடியைச் சூட்டுகிறான். அந்த ஒருவனுக்காகக் கர்ணன் உயிர் உள்ளவரை நிற்கிறான். இதுவரை நாம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம், கண்ணீர் விட்டிருக்கிறோம். அடுத்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. சூதாட்டச் சபையில் திரௌபதி இழுத்து வரப்பட்டபோது, அவளை இழிவாகப் பேசி, ஆடையைக் களையச் சொன்ன குரல்களில் கர்ணனின் குரல் முன்னால் நிற்கிறது. ஓர் அவையில் கூனிக்குறுகி நின்றவன், இன்னோர் அவையில் ஒரு பெண்ணைக் கூனிக்குறுக வைத்தான். கேள்வி கேட்ட கிருபரை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கைக்கு எட்டியவள்மேல் அந்த வெப்பம் இறங்கியது. அங்கிருந்து பீமனின் சபதம், துச்சாதனனின் மரணம், கடைசியில் பாசறையில் உறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை இரவில் வெட்டிய அசுவத்தாமன் வரை அந்தச் சங்கிலி நீள்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. உறங்கிய பிள்ளைகளுக்கு அந்த நியாயங்களில் பங்கே இல்லை.

இன்னோர் ஆய்வைச் சொல்கிறேன். ஆசிரியர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேய்ன் வார்பர்டனும் வில்லியம்ஸும் இன்னொருவரும் 2006-இல் வெளியிட்டது. ஆட்டத்தில் ஒதுக்கப்பட்டவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துக் காதைத் துளைக்கும் சத்தத்தைக் கேட்கச் செய்தார்கள். சிலருக்கு, ஒவ்வொரு சத்தமும் எப்போது தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வசதி இருந்தது. மற்றவர்களுக்கு அது இல்லை. சத்தம் எல்லோருக்கும் ஒன்றுதான். பிறகு, காரமே பிடிக்காத முன்பின் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய்ச் சாறு பரிமாறுவது என்று முடிவுசெய்யச் சொன்னார்கள். எந்த வசதியும் இல்லாதிருந்தவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஊற்றினார்கள். வசதி இருந்தவர்கள், ஒதுக்கப்படாதவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள்.

ஒரு சின்னஞ்சிறு அதிகாரம் திரும்பக் கிடைத்தது, கோபம் தணிந்தது. அவர்களிடம் யாரும் நீதிபோதனை செய்யவில்லை, பொறுமையாக இரு என்று சொல்லவில்லை. தன் வாழ்க்கையில் எதுவுமே தன் கையில் இல்லை என்று உணர்பவரிடம், மற்றவரைத் துன்புறுத்தும் சக்தி ஒன்றுதான் மிச்சமிருப்பதாகத் தோன்றும். வேறு சக்தி கிடைத்தால் துன்புறுத்தலை நாடுவது குறைகிறது.

பழி தீர்ந்த பிறகு

பழிவாங்குவதில் இன்பம் இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. அது பொய்யாகிவிடும். சூரிச்சில் 2004-இல் நடந்த ஓர் ஆய்வில், தன்னை ஏமாற்றியவரைத் தண்டிக்க முடிவெடுப்பவர்களின் மூளையில், வெகுமதியை எதிர்பார்க்கும்போது இயங்கும் காடேட் என்ற பகுதி செயல்படுவதைக் கண்டார்கள். டேவிட் செஸ்டரும் நேதன் டிவாலும் இன்னும் ஒரு படி போனார்கள். ஒதுக்கப்பட்ட சிலருக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து, இதைச் சாப்பிட்டபின் உங்கள் மனநிலை இப்போது இருப்பதுபோலவே மாறாமல் இருக்கும் என்றார்கள். உண்மையில் அது மருந்தே அல்ல. ஆனால் அதை நம்பியவர்களிடம் திருப்பித் தாக்கும் வேகம் குறைந்தது. தாக்கினால் மனம் லேசாகும் என்ற எதிர்பார்ப்புதான் கையை ஓங்கவைக்கிறது. லேசாகப்போவதில்லை என்று தெரிந்தால் கை தானே தாழ்கிறது.

அந்த எதிர்பார்ப்பு உண்மையா? கெவின் கார்ல்ஸ்மித், டிமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் மூவரும் 2008-இல் இதற்கு விடை தந்தார்கள். எல்லோரும் பொதுவில் பணம் போட்டால் எல்லோருக்கும் லாபம் கிடைக்கும் விளையாட்டு. ஓர் ஆட்டக்காரர், எல்லோரும் நேர்மையாகப் பணம் போடுவோம் என்று மற்றவர்களைத் தூண்டிவிட்டு, தான் மட்டும் பதுக்கிக்கொள்வார். சிலருக்கு அவரைத் தண்டிக்கும் வாய்ப்பு தரப்பட்டது, சிலருக்குத் தரப்படவில்லை. தண்டித்தால் மனம் ஆறும் என்றுதான் எல்லோரும் கணித்தார்கள். நடந்தது தலைகீழ். தண்டித்தவர்கள்தாம், வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட வருத்தமாக இருந்தார்கள். காரணம், அவர்கள் அந்த ஏமாற்றுக்காரரையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாய்ப்பு இல்லாதவர்கள் ‘போனால் போகிறது’ என்று நகர்ந்துவிட்டார்கள். இதில் கவலை தருவது, தண்டித்து வருந்தியவர்கள், தண்டிக்காமல் விட்டிருந்தால் இதைவிட மோசமாக உணர்ந்திருப்போம் என்று நம்பியதுதான். பழி தன்னைப் பொய்யென்று காட்டிக்கொள்வதே இல்லை. அதனால்தான் மனிதர்கள் மறுபடி மறுபடி அதனிடம் போகிறார்கள்.

திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், தீங்கு செய்தவரைத் தண்டித்தவர் அடையும் மகிழ்ச்சிக்கு ஒரே ஒரு நாள் ஆயுள்தான் தருகிறார். மகிழ்ச்சி இல்லை என்று அவரும் சொல்லவில்லை. அதன் அளவைச் சொன்னார். ஆய்வுக்கூடம் அந்த அளவையும் சுருக்கிவிட்டது.

‘உள்ளே வெச்சுக்காதே, கொட்டித் தீர்த்துடு’ என்ற அறிவுரையையும் சோதித்திருக்கிறார்கள். பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 600 மாணவர்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை ஒருவர் மட்டமாக விமர்சித்தார். சிலர் அவர் முகத்தை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். சிலர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முகத்தை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். சும்மா இருந்தவர்களிடம் வன்முறை குறைவு. காற்றை வீசி விசிறினால் அடுப்பு அணையாது.

அப்படியானால் பழி ஒருபோதும் நிறைவு தருவதில்லையா? ஜெர்மானிய உளவியலாளர் மரியோ கோல்விட்சர் இதைப் பல கோணங்களில் ஆராய்ந்தார். தீங்கு செய்தவர் துன்பப்படுவதைப் பார்த்தது மட்டும் நிறைவு தரவில்லை. ‘நான் செய்தது தவறு, அதற்காகத்தான் இது எனக்கு நேர்ந்தது’ என்று அவர் புரிந்துகொண்டதாகத் தெரிந்தபோதுதான் நிறைவு வந்தது. பழிவாங்கியும் அந்தப் புரிதல் வரவில்லை என்றால், வாங்காதவர்களைவிடப் பெரிய நிறைவு எதுவும் இல்லை.

இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பழி தேடியது ஒப்புதலை. அரிவாள் அதைப் பெற்றுத் தராது. வெட்டுப்பட்டவன் தான் செய்த தவறை நினைப்பதில்லை. தனக்கு நடந்த வெட்டைத்தான் நினைக்கிறான். அவன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வெட்டு ஒரு புதிய தொடக்கம்.

நம் மக்கள் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள்: ‘அவன் கண்ணு முன்னால வாழ்ந்து காட்டணும்.’ 1992-இல் வந்த ‘அண்ணாமலை’ படத்தில், நண்பனால் அவமானப்பட்ட பால்காரர் சவால்விட்டுக் கோடீஸ்வரராவதைத் தமிழகம் கொண்டாடியது. இந்த வைராக்கியத்தால் படித்து, உழைத்து முன்னுக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ. கத்தியை எடுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் இதிலும் ஒரு குறை இருக்கிறது. நாம் கட்டும் வீட்டை அவன் பார்த்தானா, நம் பிள்ளையின் வேலை அவன் காதுக்கு எட்டியதா என்று வாழ்நாள் முழுவதும் அவன் கண்ணுக்காகவே வாழ வேண்டியிருக்கிறது. முன்னேறுங்கள், ஆனால் ஒரு கட்டத்தில் அந்தப் பார்வையாளரை அவையிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

மேலிருந்து கீழே பாயும் பழி

இதுவரை ஒதுக்கப்பட்டவரின் கோபத்தைப் பேசினேன். ஒதுக்கியவரே பழிவாங்குவதும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த உரை நேர்மையானதாக இருக்காது.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர் இரவில் தன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியதாக வழக்கில் சேர்க்கப்பட்டவர்களில் அவருடைய பள்ளியிலேயே படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் இருந்தார்கள். அந்த மாணவர் துன்புறுத்தல் தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். சொன்னதுதான் அவர் செய்தது.

இங்கே பழிவாங்கியவர்களுக்கு என்ன காயம்? யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. தங்களுக்குக் கீழே இருக்க வேண்டியவன் வாயைத் திறந்துவிட்டான் என்பதுதான் அவர்களுக்குப் பட்ட ‘அவமானம்’. திருப்பி ஒன்றும் செய்யாவிட்டால் தங்கள் கூட்டத்துக்குள் இளக்காரமாகிவிடுவோம் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இந்த மானத்தை அந்தப் பிள்ளைகள் கருவிலிருந்து கொண்டுவரவில்லை. வீட்டுத் திண்ணையும், தெருமுனைக் கொடிக்கம்பமும், கையில் கட்டும் வண்ணக் கயிறும், கைப்பேசியில் சுற்றும் வீரப்பாட்டு வீடியோக்களும் கற்றுக்கொடுத்தன. ஒதுக்கப்பட்டவரின் கோபத்தையும் ஆதிக்கத்தின் கோபத்தையும் ஒரே தட்டில் வைத்து ‘இரண்டு பக்கமும் பொறுத்துப் போங்கள்’ என்று பேசுவது அநியாயம். முதலாவதற்கு நீதி வேண்டும். இரண்டாவதற்கு, தன் உயரம் இன்னொருவரின் தாழ்வில் இல்லை என்ற கல்வி வேண்டும். குற்றம் நடந்த இடத்தில் சட்டம் வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, சாதியைக் காட்டும் கயிறுகளும் அடையாளங்களும் வளாகத்துக்குள் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. பதிவேட்டில் என்ன இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்குக் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் செய்த ஆய்வைச் சொல்வேன். சிறுவர்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் உயர்த்திக்கொண்ட சாதிப் பிள்ளைகளும் சமமாகவே செய்தார்கள். பெயரோடு சாதியையும் சபையில் உரக்கச் சொன்ன பிறகு, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் திறன் சரிந்தது. மூளை அதே மூளை, புதிர் அதே புதிர். நடுவில் வந்தது ஓர் அறிவிப்பு மட்டும்.

மன்னிப்பை யார் கேட்பது?

மன்னிப்பு நன்மை தருகிறதா என்று கேட்டால், ஆம். எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளர் மன்னிப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்துகொண்டிருந்தபோதே, 1995-இன் கடைசி இரவில் அவருடைய தாயார் வீடு புகுந்தவர்களால் கொலை செய்யப்பட்டார். தான் கற்பித்ததைத் தன்மீதே செய்து பார்க்கும் நிலை அவருக்கு. பின்னாளில் அவருடைய பயிற்சி நூலைக் கொலம்பியா, தென் ஆப்பிரிக்கா, உக்ரைன், இந்தோனேசியா, ஹாங்காங் ஆகிய இடங்களில் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன.

ஆனால் மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மன்னிப்பது ஒன்று, சமாதானமாகிப் பழையபடி உறவாடுவது வேறொன்று, வழக்கைத் திரும்பப் பெறுவது முற்றிலும் வேறு. மனதில் வன்மத்தை இறக்கிவைத்துவிட்டு, அதே நேரம் நீதிமன்றத்தில் உறுதியாகச் சாட்சி சொல்லலாம். அடிக்கும் கணவனை மன்னித்துவிட்டு, அவன் வீட்டுக்குத் திரும்பாமலும் இருக்கலாம். பஞ்சாயத்தில் ‘மன்னிச்சு விட்டுடும்மா’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாக்கி, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கிறார்கள். மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதை வசூலிக்க வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை.

தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின், டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-இல் விசாரணையைத் தொடங்கியது. 20,000-க்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைப் பதிவுசெய்தார்கள். குற்றம் செய்தவர்கள் முழு உண்மையைச் சொன்னால் பொதுமன்னிப்புக் கோரலாம். என் மகனை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்கவும், அதற்குப் பதில் கேட்கவும் தாய்மார்களுக்கு ஒரு மேடை கிடைத்தது. அது பெரிய காரியம். ஆனால் 2003-இல் அரசு அறிவித்த இழப்பீடு, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஒரே தவணையாக 30,000 ராண்ட். ஆணையம் பரிந்துரைத்ததைவிட அது குறைவு. அந்த மனக்குறை இன்றும் அங்கே இருக்கிறது. ஒப்புதல் முதல் படி. அதன் பின்னால் ஈடும் மாற்றமும் வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

காயப்பட்டு உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் சொல்கிறேன். உங்கள் வலி உண்மையானது. அதற்காக வெட்கப்பட வேண்டாம். பழிவாங்கும் எண்ணம் வந்ததாலேயே நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே நேரத்தைப் போடுங்கள். அந்த முகத்தை நினைத்துக் குமுறிக்கொண்டே இருப்பதைவிட, நடந்ததை எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், மனதை அழுத்திய நிகழ்ச்சியையும் அப்போது உணர்ந்ததையும் எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. உங்களை மதிக்கும் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். ஒரே ஒருவர் போதும். உயிரை விட்டுவிடலாம் என்றோ, எடுத்துவிடலாம் என்றோ தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு. மதிய உணவு நேரத்தில் தனியே உட்காரும் பிள்ளையை நீங்கள் கவனித்தாக வேண்டும். விளையாட்டுக்கு அணி பிரிக்கும்போது பிள்ளைகளையே ஆள் எடுக்கவிட்டால், கடைசியில் ஒரு பிள்ளை தினமும் மிஞ்சும். அணியை நீங்கள் பிரியுங்கள். புகார் சொல்லும் பிள்ளையின் பெயரைச் சபையில் சொல்லாதீர்கள். நாங்குநேரி நமக்குக் கற்பித்த பாடம் அது. ஒதுங்கி நிற்கும் பிள்ளையிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். நூலக அலமாரிச் சாவியோ, ஆய்வகப் பொருள்களின் கணக்கோ எதுவானாலும் சரி. தன் கையில் ஒன்று இருக்கிறது என்ற உணர்வு என்ன செய்யும் என்பதை அந்த மிளகாய்ச் சாற்று ஆய்வு காட்டியது.

பெற்றோர்களுக்கு. பேசாமல் இருந்து பிள்ளையைத் தண்டிக்காதீர்கள். கோபம் என்றால் கோபம் என்று சொல்லுங்கள், எதற்காக என்று சொல்லுங்கள், எப்போது முடியும் என்றும் சொல்லுங்கள். யாரோடு சேரக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது, பதினைந்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு சண்டைக்கு நாம் வித்திடுகிறோம். தப்பு செய்த பிள்ளையைக் காப்பாற்ற வக்கீல் தேடுவதற்கு முன்னால், பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் போய், ‘எங்க புள்ள செஞ்சது தப்பு’ என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்துக்கு இணையான மருந்தை எந்த ஆய்வும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பெரும்பாலான ஒதுக்கல்கள் இரண்டு பேரால் மட்டும் நடப்பதில்லை. ஒருவர் ஒதுக்குகிறார்; மற்ற எல்லோரும் நமக்கெதற்கு வம்பு என்று அமைதியாக இருக்கிறார்கள். அந்த அமைதிதான் ஒதுக்கலுக்குப் பலம் தருகிறது. கிருபர் குலம் கேட்ட அன்று, அவையில் இன்னும் பல பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, இவன் வில்லைப் பாருங்கள், குலத்தைக் கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தால், கர்ணனுக்குத் துரியோதனன் மட்டுமே கதி என்ற நிலை வந்திருக்காது.

நாளைக்கே உங்கள் தெருவில், உங்கள் வகுப்பில், உங்கள் அலுவலகத்தில் யாரையாவது தள்ளிவைப்பதைப் பார்ப்பீர்கள். அப்போது எழுந்து நில்லுங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். அதைச் செய்துவிட்டு, அதன்பிறகு அவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுங்கள்.